விதை நெல்லை விற்கும் விமானக் கம்பெனிகள்

விமானம் ஓட்டக் கற்கும் பிள்ளைகளைப் பற்றி மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் படிக்கும் பத்திரிகையில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. தொழில் பழகும் செலவை யார் ஏற்பது, மந்தம் வந்தால் நஷ்டம் யார் தலையில் விழுவது என்ற கேள்வி, பஞ்சாலையிலும் விமான நிலையத்திலும் ஒரே கேள்விதான். அதோடு, பிளஸ் டூவில் பௌதிகமும் கணக்கும் தேறிய நம் பிள்ளைகளிலும் சிலர் இன்று விமானியாக ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையை முன்னே காட்டி, பின்னே கடன் பத்திரத்தை நீட்டும் ஏற்பாடுகளும் பெருகியிருக்கின்றன.

நம் நாட்டில் வர்த்தக விமானி லைசென்ஸ் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இதற்கே ஐம்பது லட்சம் ரூபாய் அளவில் செலவாகிறது. பிறகு, குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டத் தனிப் பயிற்சி. அதற்குத் தனிக் கட்டணம். இரண்டையும் சேர்த்து, "கேடட் திட்டம்" என்ற பெயரில் விமானக் கம்பெனிகள் நடத்தும் பயிற்சிக்கு ஒரு கோடி ரூபாய் வரையிலும், அதற்கு மேலும்கூட ஆகிறது. முகப்பில் கம்பெனியின் பெயரும் சின்னமும் பளபளக்கும். பணமோ பெற்றோருடையது, அல்லது வீட்டை அடகு வைத்து வாங்கிய கடன். இதற்குக் கம்பெனியின் ஆதரவுப் பயிற்சி என்று பெயர்!

எப்போதும் இப்படித்தான் இருந்ததா? இல்லை. விமானத் தொழிலில் பழைய நாடான பிரிட்டனின் கதையைப் பார்ப்போம். அங்கே 1960-ல், சர்க்காருக்குச் சொந்தமாயிருந்த இரண்டு விமான கார்ப்பரேஷன்களுக்காக ஹாம்பிள் என்ற ஊரில் விமானப் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. செலவின் பெரும்பகுதி பொதுப் பணம். பள்ளிப் படிப்பை முடித்த இளைஞன் தேர்வில் வென்றால் விமானியாகலாம் என்ற நிலை ஏற்பட்டது. 1973-ல் எண்ணெய் விலை ஏறியது, தொழில் மந்தமாயிற்று, பயிற்சி முடித்தவர்களில் பலருக்கு வேலை இல்லை. 1980-களின் முற்பகுதியில் அடுத்த மந்தம் வந்தபோது அந்தக் கல்லூரியே மூடப்பட்டது. 1987-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தனியார் கைக்குப் போயிற்று.

பின்னர் ஆள் பற்றாக்குறை வந்தபோது ஆதரவுப் பயிற்சியும் திரும்பி வந்தது. 2001 செப்டம்பரில் நியூயார்க் தாக்குதலுக்குப் பின் பயணிகள் குறைந்தார்கள், பயிற்சி நின்றது. 2011-ல் மறுபடி தொடங்கியது. ஆனால், இம்முறை பயிற்சிப் பணத்தைப் பயிற்சியாளரே கடனாகப் புரட்ட வேண்டும். 2020-ல் கொரோனா நோய் வந்தது. 42,000 பேர் வேலை செய்த அந்தக் கம்பெனி, 12,000 பேர் வரை குறைக்கப்போவதாக அறிவித்தது. பயிற்சியில் இருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். 2023-ல், சுமார் ஒரு லட்சம் பவுன் செலவை முழுவதும் தானே ஏற்பதாகக் கம்பெனி அறிவித்தது. முதலில் எத்தனை பேருக்கு? அறுபது பேர் வரை. மனுப் போட்டவர்கள் ஆயிரக்கணக்கில்.

இதிலிருந்து தெரிவது என்ன? மந்தம் வந்தால் கம்பெனி முதலில் கை வைப்பது பயிற்சியில். விமானத்தை நிறுத்தினால் குத்தகைப் பாக்கி கேட்பான். எண்ணெய்க்குப் பணம் கட்டாவிட்டால் எண்ணெய் தரமாட்டான். பயிற்சியை நிறுத்தினால் இந்த வருடக் கணக்கில் ஒரு குறையும் தெரியாது. மிச்சம் மட்டும் தெரியும். ஆனால் ஒரு விமானியை உருவாக்க ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆகிறது. மந்தத்தில் பயிற்சி தொடங்கியவனே எழுச்சியில் வேலைக்கு வருவான். பஞ்ச காலத்தில் விதை நெல்லை விற்றுத் தின்கிறவன், மழை வந்த அன்று எதை விதைப்பான்?

நம் நாட்டு அனுபவமும் இதுவே. 2012-ல் கிங்பிஷர் நின்றது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. தொழிலாளிகளும் விமானிகளும் சம்பளப் பாக்கியோடு தெருவுக்கு வந்தார்கள். 2023 மே மாதம் கோ பர்ஸ்ட் நின்றது. 2020 ஜூலையில் பத்துச் சதவீத ஆட்களைக் குறைப்பதாகச் சொன்ன இன்டிகோ, 2023 ஜூனில் 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. விமானிகளின் ஓய்வு நேரத்தைக் கூட்டும் புதிய விதிகள் முழு அமலுக்கு வந்தபோது, 2025 டிசம்பரில் அதே கம்பெனி ஆயிரக்கணக்கான விமானப் பயணங்களை ரத்து செய்தது. விதிகள் வருவது முன்பே தெரிந்தும் வேண்டிய ஆட்களைத் திரட்டி வைக்கவில்லை! மறுபக்கம், லைசென்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள். அவர்கள் சும்மாவும் இருக்க முடியாது. மருத்துவப் பரிசோதனையையும் பறக்கும் தகுதியையும் காலம் தவறாமல் புதுப்பிக்கக் கைப்பணம் செலவழிக்க வேண்டும். வேலையில்லாத மாட்டுக்கும் தீனி போட்டுத்தானே ஆக வேண்டும்?

"நஷ்டத்தில் கிடக்கும் கம்பெனி பயிற்சிக்கு எங்கே போகும்?" என்று கம்பெனிக்காரர்கள் கேட்கிறார்கள். நல்ல வருடத்தில் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும் என்பதே நமது பதில். எந்த வருடம் எத்தனை விமானம் வரும் என்பது ஆர்டர் புத்தகத்தில் இருக்கிறது. எந்த விமானி எப்போது ஓய்வு பெறுவார் என்பதும் தெரியும். பல நூறு கோடி ரூபாய் விமானத்துக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு, அதை ஓட்டும் மனிதனுக்குத் திட்டம் போடத் தெரியாதா?

தொழிலாளிகள் ஒன்றுபட்டால் மந்தத்திலும் வழி பிறக்கும் என்பதற்குச் சான்றும் உண்டு. 2020-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானிகளின் சங்கம் பேரம் பேசி ஓர் ஒப்பந்தம் கண்டது. எல்லா விமானிகளும் முதலில் 20 சதவீதச் சம்பள வெட்டை ஏற்றார்கள். அதைக் கொண்டு, வேலை இழக்கவிருந்தவர்களில் 300 பேர் குறைந்த சம்பளத்தில் கம்பெனியின் கணக்கிலேயே வைக்கப்பட்டார்கள். நம் மில்களின் பதிலிப் பட்டியல் போன்ற ஏற்பாடு அது. ஆட்குறைப்பு முற்றிலும் நிற்கவில்லை. ஆயினும் பலர் காப்பாற்றப்பட்டார்கள். ஆனால் இதிலும் கொடுத்தவன் தொழிலாளியே என்பதை மறக்கலாகாது.

ஆகவே நாம் கோருவது இவை:

பயிற்சிச் செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும். மில்லில் பழகுநர் தறிக்கு வாடகை கொடுப்பதில்லை. விமானம் பழகுகிறவன் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்?

லாபம் வரும் வருடங்களில் விமானக் கம்பெனிகளிடம் தீர்வை வசூலித்து, மந்த வருடங்களிலும் பயிற்சி நடக்கப் பொது நிதி ஒன்றை சர்க்கார் ஏற்படுத்த வேண்டும்.

கம்பெனி வேலை தராவிட்டால் ஒப்பந்தம் இளைஞனைக் கட்டுப்படுத்தக் கூடாது. வேலை கிடைக்கும் வரை கடன் வசூலை நிறுத்த வேண்டும்.

பர்சத்கஞ்சில் உள்ள அரசுப் பயிற்சி நிலையம் போன்றவற்றில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை கட்டக்கூடிய கட்டணமே இருக்க வேண்டும்.

விமானியாக விரும்பும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மந்த காலத்தில் உண்மையான ஆதரவு இடங்கள் மிகச் சிலவே இருக்கும். விளம்பரங்களோ பலவாக இருக்கும். கையெழுத்திடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். பணம் யாருடையது? கம்பெனி நின்றால் கடன் யாருடையது? வேலை தருவதாக எழுத்தில் இருக்கிறதா, வாய்ப் பேச்சா? பதில் எழுத்தில் வராத இடத்தில் வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். ஆசையைக் கைவிட வேண்டாம்; ஆனால் கம்பெனியின் நஷ்டத்தைச் சுமக்கும் தோளாக உங்கள் குடும்பத்தை ஆக்கிவிட வேண்டாம்.