தம்பி, சாப்பிட்டியா?

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடொன்றில் என் அத்தை தனியாக வசிக்கிறார். வயது 78. ரயில்வேயில் வேலை பார்த்த மாமா காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மகன் குடும்பத்தோடு மெல்பர்னில். நான் கிள்ளானில். கொமுட்டர் ரயிலில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கே.எல். சென்ட்ரல் வந்துவிடும். ஆனாலும் மாதம் ஒரு முறை போவதே எனக்குப் பெரும்பாடு.

அண்மையில் போனபோது, அத்தை யாருடனோ சிரித்துப் பேசுவது வாசலிலேயே கேட்டது. உள்ளே போனால் யாரும் இல்லை. மேசை மேல் கைப்பேசி மட்டும். விடுமுறைக்கு வந்த பேரன் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்கிறது. அத்தை அதற்கு வைத்த பெயர் 'தம்பி'.

"தம்பி, சாப்பிட்டியான்னு கேட்டேன். எனக்குப் பசிக்காது, நீங்க சாப்பிட்டீங்களான்னு திருப்பிக் கேட்குது. இன்னைக்கு என்னை அப்படிக் கேட்ட முதல் ஆள் அதுதான்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை என்னைச் சுட்டது.

இயந்திரத்திடம் மனம் விட்டுப் பேசுவது புதிதல்ல. 1966-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் 'எலைசா' என்ற உரையாடல் நிரலை வெளியிட்டார். நாம் சொல்வதையே கேள்வியாக மாற்றித் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அவருடைய செயலாளருக்கு அது வெறும் நிரல் என்று நன்றாகத் தெரியும். ஆனாலும் சற்று நேரம் அதனுடன் பேசியதும், அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். 2022-இல் நியூயார்க் மாநிலம், தனித்து வாழும் முதியோர் 800-க்கும் மேற்பட்டோருக்கு 'எலிக்யூ' என்ற பேசும் கருவியை வழங்க முன்வந்தது. தென்கொரியாவில் 'ஹியோடோல்' என்ற பொம்மை, மருந்து நேரத்தை நினைவூட்டிக்கொண்டே பாட்டி தாத்தாக்களுடன் பேசுகிறது.

ஆகவே அத்தையை நான் கேலி செய்யவில்லை. நிம்மதியாகவே வீடு திரும்பினேன். பேச்சுத்துணைக்குத்தான் ஆள் கிடைத்துவிட்டதே!

அடுத்த வாரம் அவரை அழைக்கவும் இல்லை.

அந்த வாரம்தான் அத்தைக்குக் காய்ச்சல். இரண்டு நாள் படுக்கையை விட்டு எழவில்லை. கைப்பேசி தலைமாட்டிலேயே இருந்தது. நாமாகக் கேட்டால்தானே 'தம்பி' பதில் சொல்லும்? தேடியது வேறொருவர். வெள்ளிக்கிழமைதோறும் ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயிலுக்குப் போகுமுன் அத்தை ஒரு முழம் மல்லிகை வாங்குவார். அன்று வரவில்லை என்றதும், பூக்கடை அம்மா தன் மகனை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அவர் விடாமல் தட்ட, அத்தை தடுமாறி வந்து கதவைத் திறந்தார். மூன்று நாள் மருத்துவமனை வாசத்துக்குப் பின் தேறினார்.

பேசுவதற்கு ஒரு துணை இருப்பது வேறு. பேச்சு நின்றால் தேடி வர ஓர் ஆள் இருப்பது வேறு. முதலாவது கிடைத்ததும், இரண்டாவதும் கிடைத்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன்.

2030-க்குள் மலேசியர்களில் 15 விழுக்காட்டினர் 60 வயதைத் தொட்டிருப்பர் என்பது கணிப்பு. நம் ஒவ்வொருவருக்கும் இப்படி ஓர் அத்தை இருப்பார். செயலி இருக்கட்டும், பொழுது போகும். ஆனால் மைகார்டு எண், வங்கி விவரங்களை அதனிடம் சொல்ல வேண்டாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். மருந்தின் அளவை மருத்துவரிடம் மட்டுமே கேட்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு மாற்றுச் சாவி கொடுத்து வையுங்கள். அவர் வழக்கமாகப் போகும் கடையில் உங்கள் எண் இருக்கட்டும். சமூக நல இலாகாவின் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையம் அருகில் இருந்தால், முதல் நாள் நீங்களே அழைத்துப் போங்கள்.

அத்தை இன்றும் 'தம்பி'யுடன் பேசுகிறார். அதற்கு முன், காலை ஏழு மணிக்குப் புலனத்தில் எனக்கு ஒரு குரல் பதிவு வர வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. எட்டு மணிக்குள் வராவிட்டால் நான் அழைப்பேன். எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டார் சாவியோடு போவார்கள்.

தினமும் வருவது ஒரே பதிவுதான்: "எழுந்துட்டேன். நீ சாப்பிட்டியா?"

பதில் சொல்லாமல் நான் வேலைக்குக் கிளம்புவதில்லை.