கண் வழியே பல் பாடம்

பல் வலிக்கிறது என்று சொல்லக் குழந்தைக்கு வார்த்தை வேண்டும். காது கேளாத குழந்தைகள் பலருக்கு அது தாமதமாகத்தான் வருகிறது. அதுவரை வலி அழுகையாகவும் பிடிவாதமாகவும் வெளிப்படும். சொத்தை பெரிதாகி, கன்னம் வீங்கிய பிறகே வீட்டாருக்கு விஷயம் புரியும்.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறைந்தோர் 50 லட்சத்துக்கும் மேல். காது கேளாமை பல்லைக் கெடுப்பதில்லை. வாயிலுள்ள பாக்டீரியா இனிப்பை அமிலமாக்குவதும் அது எனாமலை அரிப்பதும் எல்லாக் குழந்தைக்கும் ஒன்றுதான். குறைவது தகவல். மற்ற குழந்தைகள் பாட்டி அதட்டுவதிலும் டி.வி. விளம்பரத்திலும் பாதியைக் கற்றுவிடுகிறார்கள். காதில் விழாத குழந்தைக்கு யாராவது உட்கார்ந்து கற்பித்தால்தான் உண்டு.

சித்தூர் மாவட்டத்தில் தெலுங்கோடு தமிழும் புழங்குகிறது. அங்குள்ள வெதுருகுப்பம் போன்ற ஊரில், எழுத்துக் கூட்டத் தெரியாத சிறு பிள்ளைக்கு எந்த மொழிச் சுவரொட்டியும் உதவாது. திருப்பதியில் தேவஸ்தானம் காது கேளாதோர் பள்ளி நடத்துகிறது. இத்தகைய பள்ளிகளும் அவற்றின் விடுதிகளும்தான் இந்தப் பாடத்துக்கு ஏற்ற இடம்.

ஆனால் பாடம் நடத்தும் முறை மாற வேண்டும். குழந்தைகளின் பல் மருத்துவத்தில் 'சொல், காட்டு, செய்' என்ற முறை 1959 முதல் பிரபலம். கேட்கும் குழந்தைக்குப் பிரஷ்ஷைக் காட்டிக்கொண்டே பேசலாம். இங்கே முடியாது. பிரஷ் பிடித்த கையால் சைகை செய்வது கடினம். கண்ணாடியைப் பார்க்கும் பிள்ளை ஆசிரியையைப் பார்க்க முடியாது. எனவே முதலில் சைகையில் விளக்கம். பிறகு பெரிய பல் மாடலில் செய்துகாட்டல். அதன்பின் குழந்தையின் முறை. திருத்த வேண்டுமானால் தோளைத் தொட்டு நிறுத்தி, முகம் பார்த்த பிறகே சொல்ல வேண்டும்.

அழுக்கில் மட்டும் சிவப்பாக ஒட்டும் மாத்திரை நல்ல ஆசான். மென்று துப்பியதும் துலக்காத இடம் கண்ணாடியில் தெரிந்துவிடும். இரண்டு நிமிடத்தை அளக்கப் பாட்டுக்குப் பதில் மணல் கடிகாரம். மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட் போதும். காலையிலும் படுக்கும் முன்பும் துலக்க வேண்டும். ஒருநாள் முகாம் நடத்திவிட்டுப் போவதில் பயன் குறைவு. தினமும் இரவில் கூட இருக்கும் வார்டனுக்கும் அம்மாவுக்கும் முதலில் பயிற்சி தேவை.

பல் டாக்டர்களுக்கும் பாடம் உண்டு. முகமூடி உதட்டசைவை மறைத்துவிடுகிறது. விளக்கும்போது அதை இறக்கி, சற்றுத் தள்ளி நின்று பேசலாம். துளையிடும் கருவியின் ஓசையைக் காதுக் கருவி பெரிதாக்கும். எனவே பேசி முடித்து, குழந்தையிடம் சொல்லிவிட்டு அதை நிறுத்துவது நல்லது. சுழலும் பிரஷ்ஷின் அதிர்வை முதலில் நகத்தில் உணரவைத்தால் பாதி பயம் போய்விடும்.

டெல்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் 2021-இல் பத்தாயிரம் சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. வட்டார வேறுபாடுகள் இருந்தாலும், சென்னையில் எடுக்கப்படும் சைகைப் பாடப் படம் சித்தூரிலும் பெருமளவு புரியும். செலவும் அதிகமில்லை. பல் துலக்குவதோடு 'இங்கே வலிக்கிறது' என்ற சைகையையும் அதில் சேர்த்துவிட்டால், கன்னம் வீங்கும்வரை எந்தக் குழந்தையும் காத்திருக்க வேண்டியதில்லை.