அக்கா நெஞ்சில் ஒரு வால்வு



மெக்கானிக்கல்காரர்களான நமக்கு வால்வு என்றால் என்ஜின் வால்வும் கேட் வால்வும்தான் ஞாபகம் வரும். என் அக்காவுக்கு அது இதயத்தில் இருக்கிறது.

சின்ன வயதில் அக்காவுக்குத் தொண்டை வலி, காய்ச்சல், மூட்டு வீக்கம். "வளர்ற வயசு, வலிக்கத்தான் செய்யும்" என்று விட்டுவிட்டார்கள். அது ருமாட்டிக் காய்ச்சலாம். அப்போதே கண்டுபிடித்து 3, 4 வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டிருந்தால் மிட்ரல் வால்வு தப்பியிருக்கலாம்.

பொருத்தியிருப்பது சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் இன்ஸ்டிட்யூட்டில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைக்கப்பட்டது. முந்தைய மூன்று மாதிரிகளும் தேறவில்லை, நான்காவதுதான் பாஸ். (நம்மைப் போலத்தான்!) கோபால்ட் கலப்பு உலோகக் கூட்டுக்குள் சாய்ந்து திறக்கும் ஒரு பாலிஎதிலீன் வட்டு. நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை திறந்து மூட வேண்டும். "டிக் டிக்னு கேட்குமாமே?" என்கிறார்கள் ஊரில். வட்டு பிளாஸ்டிக் என்பதால் சத்தம் குறைவுதான்.

என் ஆதங்கம் வேறே. ஆபரேஷனுக்கு ஓடி ஓடி உதவிய சொந்தபந்தம், அதோடு எல்லாம் சரியாப்போச்சு என்று நினைத்துவிட்டது. பிளந்த நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். அது கூடவே 6 முதல் 8 வாரம் ஆகும். மூணாவது வாரமே "ஒரு குடம் தண்ணி தூக்கினா என்ன?" என்று கேட்டார் பெரியம்மா.

ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. ரத்தப் பரிசோதனையில் ஐ.என்.ஆர். 2.5 முதல் 3.5க்குள் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும், கூடினால் கசியும். கீரையை அடியோடு ஒதுக்க வேண்டாம். திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, அவ்வளவுதான். பல் பிடுங்கப் போனாலும் முதலில் வால்வு விஷயத்தைச் சொல்லணும்.

போன தையில் ஒரு கல்யாண அலைச்சல். அக்கா சில நாள் மாத்திரையை விட்டுவிட்டாள். "நல்லாத்தானே இருக்கே" என்றார்கள் எல்லோரும், நானும்தான். ஒரு காலையில் வலது கை மரத்து, பேச்சு குழறியது. உடனே தூக்கிக்கொண்டு ஓடினோம். பேச்சு திரும்பிவிட்டது. பேனா பிடிக்கத்தான் இன்னும் சிரமப்படுகிறாள்.

ஒர்க்‌ஷாப்பில் லேத்துக்கு எண்ணெய் விட மறந்தால் இன்ஸ்ட்ரக்டர் சும்மா விடுவாரா? இதயத்தில் ஓடும் மெஷினை மட்டும் நோயாளியின் ஞாபகசக்தியை நம்பி விடுகிறோம். வீட்டு ஆள்தான் மெயின்டெனன்ஸ் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு லாக் புக் போட்டிருக்கிறேன்: தேதி, மாத்திரை, ஐ.என்.ஆர்., என் கையெழுத்து. ராத்திரி 8 மணிக்குச் செக்கிங்.

"முதல்ல உன் லேப் ரெக்கார்டை முடிடா" என்கிறாள் அக்கா.