யூபிஜிஎம்ஏவைத் தலைமுழுகுங்கள் மக்களே!

பரிணாம மரம் வரையச் சொன்னால் இன்னும் ஏன் யூபிஜிஎம்ஏவையே கட்டிக்கொண்டு அழுகிறோம்? 1958-ல் சோகலும் மிச்னரும் தந்த முறை. கையால் போடலாம், தேர்வில் மதிப்பெண் நிச்சயம், சரி. ஆனால் எல்லா இனமும் ஒரே வேகத்தில் மாறுகிறது என்று அது சத்தமில்லாமல் நம்புகிறது. சுண்டெலியின் டிஎன்ஏ மனிதனுடையதைவிட வேகமாக மாறுகிறதே, அதை என்ன செய்ய?

கணக்கே போட்டுப் பார்ப்போம். அ, ஆ ஒரு ஜோடி. இ, ஈ இன்னொரு ஜோடி. அ, இ கிளைகளின் நீளம் 1. ஆ, ஈ வேகக்காரர்கள், நீளம் 5. ஜோடிகளை இணைக்கும் நடுக்கிளை 1. அப்படியானால் அ-ஆ தூரம் 6, அ-இ தூரம் வெறும் 3! குறைந்த தூரத்தைப் பார்த்ததும் யூபிஜிஎம்ஏ அ-வையும் இ-யையும் சேர்த்துவிடும். தரவில் ஒரு பிழையும் இல்லை, மரம் மட்டும் தப்பு.

அதே எண்களைக் கூட்டுங்கள். அஆ+இஈ = 12. அஇ+ஆஈ = 14. அஈ+ஆஇ = 14. சிறிய கூட்டுத்தொகையே உண்மையான ஜோடிகளைக் காட்டிக்கொடுக்கிறது. சைத்தோவும் நெய்யும் (சாப்பிடுகிற நெய் இல்லைங்க, மசாதோஷி நெய்) 1987-ல் தந்த நெய்பர் ஜாயினிங்கும் இங்கே சரியான மரத்தைத்தான் தரும்.

"அதில் கணக்கு அதிகம்" என்பவர்களுக்கு: நூறு இனம் என்றாலும் போடப்போவது கணினிதானே, உங்களுக்கென்ன வலிக்கிறது?