மஃப்டியில் இருக்கும் துப்பாக்கி

2009 மே 28 இரவு, நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெம் பகுதி. பணி முடித்துக் கிளம்பிய 25 வயதுக் காவலர் ஒமர் எட்வர்ட்ஸ், தன் காரை உடைத்தவனைத் துப்பாக்கியும் கையுமாகத் துரத்தினார். மஃப்டியில் ரோந்து வந்த சக காவலர்களின் கண்ணில் பட்டது, துப்பாக்கியோடு ஓடும் ஒரு கறுப்பின இளைஞர். அவர்களில் ஒருவர் சுட்டுவிட்டார். சட்டையைக் கத்தரித்தபோதுதான் உள்ளே போலீஸ் அகாடமி டி-ஷர்ட் தெரிந்தது. சுட்டவர் மீது குற்றம் சுமத்த கிராண்ட் ஜூரி மறுத்துவிட்டது.

ஓய்வு நேரத்திலும் காவலர் துப்பாக்கி வைத்திருக்கலாமா என்ற கேள்வியை 2004-லேயே அமெரிக்க நாடாளுமன்றம் ஏறக்குறைய மூடிவிட்டது. அந்த ஆண்டு அதிபர் புஷ் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, தகுதியுள்ள காவலர் எந்த மாநிலத்துக்கும் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். ஓய்வுபெற்றவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. 15 ஆண்டுப் பணி வேண்டும் என்ற நிபந்தனை 2010-ல் 10 ஆகக் குறைந்தது. குடித்திருக்கக் கூடாது, தனியார் இடத்தில் உரிமையாளர் தடுக்கலாம் என்பவை போன்ற வரம்புகள் உண்டு. வெளிமாநிலத்தில் யாரையும் கைது செய்யும் அதிகாரத்தை மட்டும் அது தரவில்லை. ஆயுதம் உண்டு, அதிகாரம் இல்லை!

தாங்கள் சிறைக்கு அனுப்பியவன் ஒருநாள் கடைத்தெருவில் எதிரே வரலாம் என்ற காவலர்களின் அச்சத்தை நான் எள்ளவில்லை. வட அயர்லாந்தில், 2023 பிப்ரவரியில், ஓமா நகரில் சிறுவர்களின் கால்பந்துப் பயிற்சிக்கு வந்திருந்த மூத்த துப்பறியும் அதிகாரி ஒருவர் சுடப்பட்டார், நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். தற்காப்புக்காக ஓய்வு நேரத்திலும் துப்பாக்கி வைத்திருக்க அங்கே காவலர்களுக்கு அனுமதி உண்டு. கடலுக்கு அந்தப் பக்கம், இங்கிலாந்தில், பெரும்பாலான காவலர்களுக்குப் பணி நேரத்திலேயே துப்பாக்கி கிடையாது.

ஆனால், உயிரைக் காத்துக்கொள்வது ஒன்று. கார் திருடனைத் துரத்துவது வேறொன்று. முன்னதற்கு வாங்கிய அனுமதி பின்னதற்கும் சேர்த்து என்று எண்ணவைக்கிறது அமெரிக்கக் காவல் துறையின் பழக்கம். ‘காவலர் 24 மணி நேரமும் காவலரே’ என்ற பெருமிதத்துக்கு விலை கொடுப்பவர்கள் யார்? எட்வர்ட்ஸின் மரணத்துக்குப் பிறகு நியூயார்க் ஆளுநர் பேட்டர்சன் அமைத்த குழு, 1982 முதல் பணியில் இல்லாதபோது ஆள் தெரியாமல் சக காவலர்களால் கொல்லப்பட்டோரைக் கணக்கெடுத்தது. 10 பேரில் 9 பேர் கறுப்பினத்தவர் அல்லது லத்தீன் வம்சாவளியினர். சீருடை கழன்றதும் பேட்ஜ் பைக்குள் போய்விடுகிறது. நிறம் எங்கும் போவதில்லை.

ஆகவே, துப்பாக்கியைப் பறிப்பதைவிட விதியை இறுக்குவதே நடக்கக்கூடியது. ஓய்வு நேரத்தில் பொருள் திருட்டுக்காகத் துப்பாக்கியை உருவக் கூடாது. 911-ஐ அழைத்து, அடையாளங்களைக் குறித்துக்கொண்டு நிற்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே விலக்கு. பாதிப் பொறுப்பு எதிரே வரும் காவலருடையது: துப்பாக்கி ஏந்திய கறுப்பினத்தவர் தன் சகாவாகவும் இருக்கலாம் என்பதைப் பயிற்சியிலேயே அவர் பழக வேண்டும். 2022-ல் நியூயார்க்கின் கடுமையான துப்பாக்கி உரிம விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பின், சாதாரண மக்களும் முன்பைவிட எளிதாக ஆயுதத்தோடு நடமாட முடிகிறது. கையில் துப்பாக்கி இருப்பதை மட்டும் வைத்து இவர் குற்றவாளி, இவர் காவலர் என்று பிரிப்பது இனி இன்னும் கடினம்.