மேப் வேலைக்கு கம்ப்யூட்டர்... எதில் செலவு, எதில் சிக்கனம்?

புவியியல், சிவில் படிக்கும் பிள்ளைகளுக்கு இப்போது மேப் சாஃப்ட்வேர் அவசியம். ‘க்யூஜிஐஎஸ்’ இலவசமாகவே கிடைக்கிறது. காசு கேட்பது கம்ப்யூட்டர்தான்! புதிதாக அசெம்பிள் செய்யப் போகிறீர்களா? விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டை நோக்கி உடனே கை நீட்டாதீர்கள்.

எல்லைக்கோடு வரைவது, சர்வே எண்களை அட்டவணையோடு இணைப்பது, சாட்டிலைட் படத்தை வெட்டி எடுப்பது... இவை எல்லாம் பெரும்பாலும் புராசஸர், ரேம், டிஸ்க் வேகத்தை நம்பித்தான் நடக்கின்றன. எனவே பட்ஜெட்டை இப்படிப் பிரியுங்கள்.

புராசஸர்: ரைசன் 5 5600ஜி போல, உள்ளேயே கிராபிக்ஸ் வசதி உள்ள 6 கோர் மாடல் போதும். இன்டெல் என்றால், மாடல் எண் ‘எஃப்’ என்று முடிகிறதா எனப் பாருங்கள். அதில் கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாமல் மானிட்டரில் படமே வராது.

ரேம்: 16 ஜிபி. ஒரே ஸ்டிக்காக வாங்காமல் 8+8 என ஜோடியாகப் போட்டால் வேகம் கூடும். 4 ஸ்லாட் உள்ள மதர்போர்டு எடுத்தால், பிறகு 32 ஆக்கிக்கொள்ளலாம்.

ஸ்டோரேஜ்: 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. வீட்டில் கிடக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்கை பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரோன் படங்களை இணைத்து 3டி மாடல் செய்பவர்களுக்குத்தான் கிராபிக்ஸ் கார்டு நிஜமாகவே கைகொடுக்கும். அந்த வேலை வரும்போது சேர்த்துக்கொள்ளலாம். அதற்கேற்ற பவர் சப்ளையை மட்டும் இப்போதே வாங்கிவிடுங்கள்.

மிச்சமாகும் பணத்தில் ஒரு யூபிஎஸ். ஃபைல் சேவ் ஆகும் நேரத்தில் கரன்ட் போனால், பல நாள் உழைப்பும் சேர்ந்து போய்விடலாம்!