இங்கிலீஷ் மட்டும் பேசும் ப்ரீ-ஸ்கூலா, இருமொழிப் பள்ளியா? அட்மிஷனுக்கு முன் பார்க்க வேண்டியவை

விஜயதசமி வந்தால் போதும், சென்னை போன்ற நகரங்களில் ப்ரீ-கேஜி அட்மிஷன் பேச்சு சூடுபிடித்துவிடும். மூன்று வயதுக் குழந்தையோடு பள்ளி பார்க்கப் போகும் பெற்றோருக்கு ஃபீஸ் விவரத்தோடு ஓர் அறிவுரையும் இலவசமாகக் கிடைக்கும்: "வீட்லயும் இங்கிலீஷ்லயே பேசுங்க. அப்பதான் சீக்கிரம் பிக்அப் பண்ணுவாங்க."

பள்ளி சரியில்லை என்றால் அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம். இந்த அறிவுரையை ஏற்றுக்கொண்டால் வரும் இழப்பை அவ்வளவு சுலபமாகச் சரிசெய்ய முடியாது.

மூன்று வயதில் மொழி ஒரு பாடம் இல்லை. வயிறு வலிக்குது, பாத்ரூம் வருது, அவன் என் க்ரேயானைப் பிடுங்கிட்டான் என்றெல்லாம் சொல்வதற்குக் குழந்தையிடம் இருப்பது அது ஒன்றுதான். தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தை, தமிழே கூடாது என்கிற வகுப்பறைக்குள் போனால் சில வாரங்கள், சில நேரம் மாதக்கணக்கில்கூட, வாயே திறக்காமல் இருக்கலாம். புது மொழியைக் காதில் வாங்கிக்கொள்ளும் இந்தக் கட்டத்தை ஆய்வாளர்கள் 'மௌன காலம்' என்கிறார்கள். பயப்படத் தேவையில்லை. ஆனால் அந்த நாட்களில் "தண்ணி வேணுமா கண்ணு?" என்று கேட்க அங்கே ஒருவர் இருக்க வேண்டும். ஆயாம்மாவாவது தமிழ் பேசுவார் என்பதுதான் பல பெற்றோரின் ரகசிய நிம்மதி!

இரண்டு மொழி குழப்பாதா?

"ஷூ டைட்டா இருக்கு, ரிமூவ் பண்ணு" என்று குழந்தை சொன்னால் அது குழப்பம் இல்லை. ஐடி அலுவலக மீட்டிங்கில் பெரியவர்களும் அப்படித்தானே பேசுகிறார்கள்? இரு மொழி பேசினால் அறிவு மந்தமாகும் என்ற பழைய நம்பிக்கை, 1962-ல் கனடாவின் மான்ட்ரியலில் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் நடத்திய ஆய்விலேயே ஆட்டம் கண்டுவிட்டது.

அதே லாம்பர்ட் தொடர்புடைய இன்னொரு முயற்சியை இங்கே கவனிக்க வேண்டும். 1965-ல் மான்ட்ரியல் அருகே செயின்ட் லாம்பர்ட்டில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு முழுக்க பிரெஞ்சிலேயே மழலையர் வகுப்பு தொடங்கினார்கள். குழந்தைகள் பிரெஞ்சு கற்றார்கள், ஆங்கிலத்தையும் இழக்கவில்லை. 'அப்போ இங்கிலீஷ் ஒன்லியும் சரிதானே?' என்று கேட்கலாம். அந்தக் குழந்தைகளின் வீட்டிலும் டிவியிலும் ஆங்கிலமே இருந்தது. கண்டம் முழுக்க மதிப்பான மொழியும் அதுதான். நம் ஊரில் யூடியூப், கேம்ஸ், மால் என எல்லாமே ஆங்கிலத்தின் பக்கம் சாய்ந்திருக்கும்போது, தமிழுக்கு மிச்சம் இருப்பது வீடு மட்டும்தான். அதையும் விட்டுக்கொடுத்தால், ஒரு மொழியோடு இன்னொன்று சேராது. ஒன்று வர மற்றொன்று கழியும்.

சட்டம் காப்பாற்றுமா? தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கிய 2006-ம் ஆண்டு தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 1-ம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. ப்ரீ-ஸ்கூல் பெற்றோர் கையில்தான்.

போர்டை நம்பலாமா?

தமிழ் பேசும் வீட்டுக் குழந்தைக்கு இருமொழிப் பள்ளியே நல்ல தொடக்கம். ஆனால் 'பைலிங்குவல்' என்ற போர்டுக்குப் பின்னால், தினம் அரை மணி நேரம் 'அ, ஆ' எழுத வைப்பது மட்டுமே நடக்கலாம். எனவே வகுப்பு நடக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். குழந்தை தமிழில் ஏதாவது சொன்னால் மிஸ் பதில் சொல்கிறாரா, இல்லை "இன் இங்கிலீஷ் ப்ளீஸ்" என்று நிறுத்துகிறாரா? கதை எந்த மொழியில் சொல்கிறார்கள்? அதைவிட முக்கியமாக, ஆசிரியருக்கு எந்த மொழியில் சரளமாகப் பேச வருகிறது? "சிட் டவுன், கீப் கொயட், ஃபினிஷ் யுவர் ஸ்நாக்ஸ்" என்பதைத் தாண்டாத ஆங்கில வகுப்பில் குழந்தை கேட்பது கட்டளைகளைத்தான், உரையாடலை அல்ல. நாள் முழுக்க அதைக் கேட்டாலும் ஆங்கிலம் வராது.

அப்பா தெலுங்கு, அம்மா தமிழ், இருவருக்கும் பொதுவாக ஆங்கிலம் என்றிருக்கும் வீடுகளின் கணக்கு வேறு. வேலை நேரம், தூரம், டே கேர் வசதி காரணமாக இங்கிலீஷ் ஒன்லி பள்ளிதான் கிடைத்தது என்றாலும் குற்றவுணர்வு தேவையில்லை. பாட்டியோடு வீடியோ காலில் வாயாடுவதும், ராத்திரி கதையும் தமிழிலேயே தொடரட்டும். அந்த இலவச அறிவுரை வரும்போது, "வீட்ல தமிழ்தான் மிஸ், இங்கிலீஷை நீங்க பாத்துக்கோங்க" என்று சொல்லிவிடலாம்.